மைனஸ் எட்டாயிரம் கிலோ பஞ்சு

தொண்ணூத்தாறாம் வருசம் பருத்தியில கொட்டை எடுக்குற எங்க ஜின்னிங் பேக்டரி எடைமேடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அன்னைக்கே சொன்னேன், இந்தப் பெட்டியை நம்பாதீகன்னு. யாரு கேட்டா? ஒரு மாசம் ஒழுங்கா ஓடிச்சு. பங்குனியில முதல்முதலா, அமுக்கிக் கட்டின பஞ்சு பேல் ஏத்தி லாரியை மேடையில நிறுத்தினோம். திரையில வந்து நிக்குது, மைனஸ் எட்டாயிரம்!

முதலாளி இராமச்சந்திரன் கத்தினார். "வே கொம்பையா, என்னத்தை அமுக்கித் தொலைச்சீரு? சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா நாளைக்கு மேடைக்கு வேற ஆளு!"

இருபத்தெட்டு வருசமா அந்த மேடையில நிக்கேன். படிப்பு மூணாங்கிளாஸ்தான். ஆனா நான் அமுக்கினது சரி.

மதியம் மதுரையிலேருந்து கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினியர் வந்தா. இசக்கிசெல்வி, விளாத்திகுளத்துப் பிள்ளை. "மாத்தி அமுக்கிட்டீங்களா தாத்தா?"ன்னு அவளும் அதையே கேட்டா.

"நீ இந்தப் பெட்டிக்குள்ள எழுதி வச்சிருக்கதைச் சொல்லு தாயி. பிறகு என்னையக் கேளு."

சிரிச்சா. "இதுக்கு நம்பரைத்தான் முதல்ல கொடுக்கணும். என்ன செய்யணும்ங்கது கடைசியில. வர்ற நம்பரை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கும். கழின்னு சொன்னா, மேல இருக்க ரெண்டை எடுத்து, அடியில உள்ளதுல இருந்து மேல உள்ளதைக் கழிக்கும். விடையை அங்கனயே வச்சிரும்."

"கிலோவா, காளைமாடான்னு பார்க்காதா?"

"பார்க்காது. அதுக்கு எல்லாமே வெறும் நம்பர்தான்."

மூட்டையை அட்டி அட்டியா அடுக்கியே வளர்ந்தவன் நான். கடைசியா வந்தது மேல கிடக்கும். சட்டுனு பிடிபட்டுது.

"ஏ தாயி! இந்த ஒரு மாசமும் வந்தது பூராம் பருத்தி லோடு. நிறைஞ்சு வரும், இறக்கிட்டு வெறுமனே போகும். பெரிசு அடியில, சிறிசு மேல. இன்னைக்கு லாரி வெறுமனே வந்துச்சு, ஆறாயிரத்து நூறு. பேல் ஏத்தின பிறகு பதினாலாயிரத்து நூறு. பெரிசு மேல உக்காந்திருக்கு! அட்டி தலைகீழா கிடக்கு!"

அவ துள்ளி எந்திரிச்சா. "வெறும் வண்டி முதல்ல ஏறும்னு யாருமே சொல்லலியே!"

"நீ கேட்டியா?"

படபடன்னு தட்டினா. திரையில மைனஸ் ஒண்ணு.

"மறுபடியும் மைனஸா!" முதலாளி ஓடி வந்தார்.

"அது எடை இல்ல சார். அடியில கிடக்கது சிறிசான்னு கேட்டேன். ஆமாங்கதை இது மைனஸ் ஒண்ணுன்னுதான் சொல்லும். இல்லேன்னா சைபர்."

"ஆமாங்கதுக்கு மைனஸா? வெளங்கிரும்!"ன்னேன்.

ஆமான்னா மேல கீழ மாத்திப்போட்டுக் கழின்னு ஒரு வரி சேர்த்தா. "இப்ப அமுக்குங்க தாத்தா."

அமுக்கினேன். எட்டாயிரம்! மைனஸைக் காணோம்! லாரி டிரைவர் விசிலடிச்சான்.

நான் விடலை. காலையில வந்த பருத்தி லோடு எடையையும் போட வச்சேன். அதுவும் அச்சு அசலா வந்துச்சு.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நாளைக்கு வெள்ளன வாரும்வே."

"நான் என்னைக்கு லேட்டா வந்தேன்?"னு கேட்டுட்டு, லாரியைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.