பாதிக் கம்பளி

வண்டியிலிருந்து அண்ணன் வெங்கடப்பனைக் கம்பளியோடு அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு ஜெயில் படியேறினான் திம்மப்பன். ஆறடி ஆள், இப்போது சோளத்தட்டைக் கட்டுக் கனம்தான் இருந்தார்.

ஜெயில் என்பது பழைய பெயர். போன தையில் வெள்ளையடித்து, நாற்பத்திரண்டில் உள்ளே கிடந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி, நினைவில்லம் என்று பலகை மாட்டிவிட்டார்கள். இன்றோ நாளையோ என்று வைத்தியர் கைவிரித்த பிறகு வெங்கடப்பன் கேட்டது இங்கே ஒருமுறை வரவேண்டும் என்ற ஒன்றைத்தான். ஊரான பேரிகையிலிருந்து வழிநெடுக திம்மப்பன் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே வந்தான்.

கல்லில் அண்ணன் பெயர் இருந்தது. தம்பி பெயர் இல்லை. இனிப் போராட்டத்துக்குப் போவதில்லை என்று ஐப்பசியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவனுக்கு யார் கல் வெட்டுவார்கள்? அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வந்த அவசரத்தில், இருவருக்குமாக இருந்த ஒரே கம்பளியையும் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஓசூர்க் குளிரில் அண்ணன் வெறுந்தரையில் மார்கழியைக் கழித்தார். பதினைந்து வருஷமாக இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மூன்றாவது அறை வந்ததும், “இங்கதான். கீழ எறக்கு” என்றார் வெங்கடப்பன். எதையும் தொடக் கூடாது, உட்காரக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்த காவலாளி சாந்த் பாஷா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாசலில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

தரையில் விட்டதும் வெங்கடப்பன் மூச்சு வாங்க நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் ஓர் ஆள் படுக்க இடம் கிடந்தது.

“ஏண்ணா, செவுரு ஜில்லுனு இருக்குமே.”

“பழகிப்போச்சுடா. நீ போனப்புறமும் இப்படியேதான் படுத்தேன்.”

“அந்தக் கம்பளி...” என்று ஆரம்பித்தான் திம்மப்பன்.

“அம்மா போத்திக்கிச்சா?” என்று கேட்டார் அண்ணன். “அத நெனச்சுக்கிட்டுத்தான் குளுர ஓட்டுனேன்.”

அம்மா அதைப் போர்த்திக்கொள்ளவேயில்லை. பெரியவன் வரட்டும் என்று மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

“போத்திக்கிச்சுண்ணா” என்றான் திம்மப்பன்.

வெங்கடப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

பூட்டும் நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்த பாஷா, அவர் மார்பு அசையாமல் இருப்பதைக் கண்டு, சாவிக்கொத்து சத்தம் போடாமல் கைக்குள் பொத்திக்கொண்டார். வண்டிக்காரனைக் கூப்பிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னான் திம்மப்பன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். காலியாகக் கிடந்த இடத்தில் படுத்து, கம்பளியின் மறுபாதியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.