லியானெத்தின் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்

செவ்வாய்க்கிழமை, ஆறு மணி நேரம் போயிருந்த கரண்ட் திரும்பி வந்த அதே நொடியில், எங்கள் கம்ப்யூட்டருக்குள் பட்டாணி வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து முடி கருகும் வாசனை. லியோனெல் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான். கரண்ட் வந்த சந்தோஷத்தில் வெளியே தெரு முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. 

அந்தப் பெட்டிக்குள் லியானெத் இருந்தாள்.

நானும் என் கணவன் லியோனெலும் பதினைந்து வயதுப் பெண்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்கள். படம் எடுப்பது அவன். முகத்தில் பருவைத் துடைத்து, வானத்தைக் கொஞ்சம் நீலமாக்கி, ஆல்பமாகக் கட்டுவது நான். எங்கள் ஊரான சியென்ஃபுவேகோஸில் ஒரு பெண் குழந்தை பிறந்த அன்றே அதன் பதினைந்தாவது பிறந்தநாளுக்குச் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வண்ணம் பூசாமல் விடுவார்கள், விழுந்த பல்லைக் கட்டாமல் விடுவார்கள், அந்தப் படங்களை மட்டும் விடமாட்டார்கள்.

லியானெத்தைக் கடற்கரைச் சுவரிலும் குதிரை வண்டியிலும் ஐந்து வாடகைக் கவுன்களில் எடுத்திருந்தோம். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். அவள் அப்பா ரிகோபெர்தோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். அன்று முழுவதும் கவுன்கள் நிறைந்த பையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, தரையில் வைக்காமல் எங்கள் பின்னாலேயே வந்தார். அவள் அம்மா ஒன்பது வருடமாக ஸ்பெயினின் தெனெரிஃபே தீவில் இருக்கிறார். மகளை அழைத்துப்போகத்தான் இப்போது வந்திருந்தார். வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் விமானம் ஏறுகிறார்கள். அப்பா இங்கேயே இருக்கிறார். அவருக்கு மிஞ்சப்போவது படங்கள்தான்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்டு. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதை அழித்துவிட்டு, சனிக்கிழமை வேறொரு பெண்ணை எடுத்துவிட்டான் லியோனெல். மறுபடியும் எடுக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். லியானெத் பயணத்துக்கு முன் தன் நீளமான கூந்தலை வெட்டிவிட்டாள். இப்போது பார்த்தால் பையன் மாதிரி இருக்கிறாள்.

புதன்கிழமை லியோனெல் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஒரு பவர் சப்ளை வாங்கி வந்தான். ஸ்பெயினிலிருந்து வந்த ஒருத்தி பெட்டியில் உள்ளாடைகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தது. பழசுதான், ஆனால் கனமாக இருந்தது. கனமாக இருந்தால் நல்லது என்றான். ராம் மெமரித் தகடு ஒன்றும் கிடைத்தது, ஏதோ அலுவலகத்தில் செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கியது. இரண்டையும் மாட்டினோம். பொத்தானை அழுத்தினோம். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

அழுத்தினால் இரண்டு சுற்று. மறுபடி அழுத்தினால் மறுபடி இரண்டு சுற்று. தண்ணீரில் மூழ்குகிறவன் தலையைத் தூக்கித் தூக்கி அமிழ்வதுபோல இருந்தது. ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினோம். சின்ன வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினோம். எதுவும் மாறவில்லை.

வியாழக்கிழமை காலை. ரிகோபெர்தோ ஆல்பம் வாங்க மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.  வேகவைத்த மலாங்கா கிழங்கு தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது.

மூன்று வீடு தள்ளி வில்ஃபிரடோ இருக்கிறான். வாரா வாரம் வரும் சினிமா, தொடர் எல்லாவற்றையும் தெருவுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பவன். எங்கள் பகுதியில் அவனிடம்தான் நல்ல கம்ப்யூட்டர் இருந்தது. படங்கள் இருக்கும் டிஸ்கை மட்டும் கழற்றிக் கொண்டு வந்தால் தன்னுடையதில் மாட்டிப் பார்க்கலாம் என்று புதன்கிழமையே சொல்லியிருந்தான். லியோனெல் வேண்டாம் என்றுவிட்டான். வில்ஃபிரடோ வீட்டுக் கூடத்தில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். படக்காரன் ஒரு பெண்ணின் பதினைந்தைத் தொலைத்துவிட்டான் என்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நானும் அவனை வற்புறுத்தவில்லை. என் பயம் வேறு. எங்கள் பெட்டி ஓடாதவரை டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள இடம் இருந்தது. வில்ஃபிரடோ மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால், அவ்வளவுதான்.

ஆனால் மதியம் ஒரு மணிக்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. டிஸ்க் இல்லாமல், கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் ஆறு பேர் காத்திருந்தார்கள். நான் வில்ஃபிரடோவின் காதருகே குனிந்து, விசிறி இரண்டு சுற்றோடு நிற்பதைச் சொன்னேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, பவர் சப்ளை எங்கிருந்து வந்தது என்று கேட்டான். ஸ்பெயின் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதால்மிஸ், கண்ணு, அங்க எல்லாம் இருநூத்திருபது வோல்ட்டு. நாம குடுக்கிறது நூத்திப்பத்து. பாதிச் சோறு போட்டா எவன் வேலை செய்வான்? அதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும் பாரு. அதத் தள்ளி விடு. அப்புறம் உன் புருஷன் கையில இருக்கிற ஸ்க்ரூடிரைவரப் பிடுங்கி ஒளிச்சு வை."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் லியோனெல் இல்லை. பின்கட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் தொட்டியும் வாளிகளும் நிரம்பாவிட்டால் இரண்டு நாளைக்குக் குளிக்க முடியாது. அவனைக் கூப்பிடவில்லை. மண்டியிட்டு, பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினேன். சிவப்பு சுவிட்ச் இருந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அதில் 230 என்று எழுதியிருந்தது. கொண்டை ஊசியால் தள்ளினேன். டக்கென்று 115 என்று மாறியது.

பொத்தானை அழுத்தக் கை போனது. அழுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை கேட்ட சத்தம் இன்னும் என் காதுக்குள் இருந்தது. வில்ஃபிரடோ சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு முறை அப்படி ஒரு சத்தம் வந்தால் என்னால் தாங்க முடியாது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். டிஸ்கின் இரண்டு வயர்களையும் உருவி அதை வெளியே எடுத்தேன். எங்கேயாவது வைத்தால் விழுந்துவிடும் என்று தோன்றியது. ஒரு துண்டில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். குளிர்ந்த செங்கல் மாதிரி இருந்தது. முதலில் இது இல்லாமல் ஓடட்டும், ஓடினால் பிறகு மாட்டலாம் என்று நினைத்தேன்.

லியோனெல் முழங்கால்வரை நனைந்து உள்ளே வந்தான். அந்த மூன்று நாளில் அப்போதுதான் அவன் முகத்தில் வெளிச்சம்.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றான்.

"நானும்தான்," என்றேன். "அந்த ஸ்பெயின் விஷயம்தானே?"

"அதேதான். இருநூத்தி முப்பதுன்னு பின்னாடியே எழுதி ஒட்டியிருக்கு. இத்தனை நேரம் குருடன் மாதிரி இருந்திருக்கேன்."

"சரி பண்ணியாச்சு."

"பண்ணியாச்சு," என்று சொல்லிக்கொண்டே அவன் பொத்தானை அழுத்தினான்.

சத்தம் வந்தது. செவ்வாய்க்கிழமை கேட்டது பட்டாணி. இது துப்பாக்கி. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து நீல நிறத்தில் ஒரு நாக்கு வெளியே வந்து போனது. சுவரில் கறுப்பாக ஒரு கறை. பிறகு வெள்ளைப் புகை, கூரையை நோக்கி மிக நிதானமாக. நான் கத்தியதாக லியோனெல் பிறகு சொன்னான். எனக்கு நினைவில்லை. கட்டில் பக்கம் தாவி அவன் வயரைப் பிடுங்கியது நினைவிருக்கிறது.

அவன் எந்தப் பக்கம் தாவினான் என்பது சிறிது நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எப்போதும் மேசைக்குப் பின்னால் செருகியிருக்கும் வயர் இப்போது கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. அங்கே, ஜன்னலுக்குக் கீழே, தனியாக ஒரு பிளக் பாயிண்ட் உண்டு. குளிர்சாதனம் வாங்கும் ஆசையில் லியோனெலின் அப்பா போட்டு வைத்தது. குளிர்சாதனம் வரவேயில்லை. அந்த பிளக் பாயிண்டில் மட்டும் இருநூற்றிருபது வந்துகொண்டிருந்தது.

பெட்டிக்கு இருநூற்றிருபது வேண்டும் என்று கண்டுபிடித்து, அவன் வயரை அங்கே மாற்றிச் செருகியிருந்தான். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டதால் பின்கட்டுக்கு ஓடியிருந்தான். நூற்றுப்பத்து போதும்படி நான் சுவிட்சைத் தள்ளியிருந்தேன். அவன் செய்ததும் சரி, நான் செய்ததும் சரி. இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் பெட்டி ஓடியிருக்கும்.

நான் கொண்டை ஊசியைக் காட்டினேன். அவன் தன் கையிலிருந்த வயரைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"அந்த மனுசன் கிட்ட என்ன சொல்லுவேன்? கவுனக்கூடத் தரையில வைக்காம தூக்கிட்டு வந்தாரே."

நான் சட்டைக்குள்ளிருந்து துண்டை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அவன் பிரித்துப் பார்த்தான். டிஸ்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். ஏன் எடுத்தேன் என்று கேட்டான். பயமாக இருந்தது என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

அப்போது கதவு தட்டப்பட்டது. மணி இரண்டு. ரிகோபெர்தோ ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் பெட்டி கட்டுகிறார்கள், அங்கே நிற்க முடியவில்லை என்றார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா எரியுது?"

லியோனெல் எழுந்திருக்கவில்லை. ஏதாவது பொய் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். ஆல்பம் அச்சில் இருக்கிறது, அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எத்தனை நேரமாகும்? ஆனால் அவர் தோளில் ஒரு வெறும் துணிப்பை தொங்கியது. ஆல்பத்தை வைத்து எடுத்துப்போவதற்கென்று துவைத்து இஸ்திரி போட்ட பை. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கி, சற்றுமுன் வெடித்ததுவரை. படங்கள் இந்தத் துண்டுக்குள் இருக்கின்றன, அல்லது இல்லை, எங்களுக்கே தெரியாது என்றேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் மெதுவாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பெரிய கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.  

"எங்க போனா தெரியும்?" என்று கேட்டார்.

வில்ஃபிரடோ வீட்டுக்குப் போனோம். துண்டை ரிகோபெர்தோவே கேட்டு வாங்கி இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார். மூன்று வீடு தாண்டுவதற்குள் வழியில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்து நடந்தார். கூடத்தில் இருந்தவர்கள் எங்கள் முகங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். லியோனெல் எதை நினைத்துப் பயந்தானோ அது நடந்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆச்சரியம், அதை அவன் கவனிக்கக்கூட இல்லை.

வில்ஃபிரடோ ஒன்றும் கேட்கவில்லை, கிண்டலும் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருந்த காப்பிகளை நிறுத்தி, தன் கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்கை மாட்டினான். திரும்ப ஆன் செய்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டது. பிறகு டிக் என்றது. இன்னொரு டிக். சுழற்சி நின்றது.

நான் சுவரில் சாய்ந்தேன்.

"இருங்க," என்றான் வில்ஃபிரடோ. வயரை உருவி, ஊதி, வேறொரு வயரை மாட்டினான். "வயசானது. மாடி ஏறினா மூச்சு வாங்கத்தான் செய்யும்."

மறுபடி சுழன்றது. இந்த முறை டிக் வரவில்லை. திரையில் எங்கள் டிஸ்கின் பெயர் வந்தது. அதற்குள் மஞ்சள் நிறக் கோப்புறைகள். லியோனெல் வைத்த பெயர்கள், சின்ன எழுத்தில்: யாமிலா, தெய்சி, லியானெத்.

வில்ஃபிரடோ லியானெத்தைத் திறந்தான். சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. சில கட்டங்கள் சாம்பல் நிறத்தில் தயங்கின. அவை முகமாக மாறும்வரை யாரும் மூச்சுவிடவில்லை. கடைசிக் கட்டம் நிறைந்ததும் கீழே 412 என்று காட்டியது. லியோனெல் வெளியே போய் வாந்தி எடுத்தான்.

இரண்டு பென்டிரைவ்களிலும் தன் கம்ப்யூட்டரிலும் வில்ஃபிரடோ காப்பி போட்டான். ஆல்பம் இன்றைக்கு முடியாது, ஒரு வாரம் கொடுங்கள், நல்லதாக நாற்பது எடுத்துத் தருகிறேன் என்றேன். ரிகோபெர்தோ நான் பேசுவதைக் கேட்கவில்லை. திரைக்கு மிக அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் கூந்தல் வாயில் புகுந்த படம். குதிரை தும்மி அவள் பயந்த படம். நாங்கள் வழக்கமாக அழித்துவிடும் படங்கள். அவற்றைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். பிறகு ஒன்று வந்தது, பச்சைக் கவுனில், ஃபிளாஷுக்கு இரண்டு கண்களையும் மூடிக்கொண்ட படம்.

"இத அழிச்சிராதீங்க," என்றார். "தூங்கும்போது இப்படித்தான் இருப்பா."

அவர் அடுத்த படத்துக்குப் போகவில்லை. கூடத்தில் இருந்த ஒருத்தி எழுந்து, எல்லோருக்கும் குடிக்கக் காபி போட உள்ளே போனாள். எனக்கு வயிற்றில் இன்னும் அந்தச் செங்கல் இருப்பதுபோலவே இருந்தது. வில்ஃபிரடோவின் தோளைத் தொட்டு, படங்களை இன்னொரு காப்பி போடு என்றேன். எதுக்கு, மூணு இருக்கே என்றான்.

"போடு," என்றார் ரிகோபெர்தோ, திரும்பாமலே.