மூன்றரை மணி வரை

அப்பாவின் வலது கட்டைவிரலை விஜய்பாண்டி தன் சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் போனின் மேல் வைத்து அழுத்தினான். போன் ஒருமுறை அதிர்ந்துவிட்டுச் சும்மா இருந்தது.

"ஈரம் இருக்கோ என்னமோ. ஏட்டி, அந்தத் துண்டை எடு."

வேல்விழி துண்டை எடுத்துக் கொடுத்தாள். அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். ஈரம் காரணமில்லை. உயிர் போனதுகூட முழுக் காரணமில்லை. முப்பத்தோரு வருஷம் குற்றாலம் மெயினருவியில் ஈரக் கம்பியைப் பிடித்து நின்று காவல் பார்த்ததில் அப்பாவின் விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. ரேஷன் கடை மெஷின் அந்த விரலை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. "செல்லப்பான்னு ஒரு ஆளே கிடையாதுங்குது மெஷினு" என்று சிரித்துக்கொண்டு வெறும் பையோடு திரும்பி வருவார். அதனால்தான் போனைத் திறக்கவும், ஷேர் வாங்கி விற்கவும் நான்கு எண்களை அவளே வைத்துக் கொடுத்திருந்தாள். அது அப்பாவுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பது. அப்பாவின் மூச்சு நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

விஜய்பாண்டி எழுந்து போய், சாத்தியிருந்த கதவின் தாழ்ப்பாளைப் போட்டான்.

"மூணரை வரைக்கும் யாரும் அழக்கூடாது. மார்க்கெட் மூடட்டும். பொறவு சொல்லிக்கிடலாம்."

"அம்மாகிட்ட?"

"அம்மாகிட்டதான் மொதல்ல சொல்லக்கூடாது. அவ ஒரு சத்தம் போட்டாள்னா தெருவே உள்ள வந்துரும். அப்பா இல்லன்னு தெரிஞ்சா அக்கவுண்டைப் பூட்டிருவான். நாம பேப்பர் குடுத்து, கையெழுத்து வாங்கி, கைக்கு வரும்போது அதுல என்ன மிஞ்சும்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "எனக்கும் அழத் தெரியும்ட்டி."

அவன் சொன்னதில் பொய் இல்லை. குத்துக்கல்வலசையில் அம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்த மனை. அதை விற்ற பணம் முழுவதும் ஒரே ஒரு சாப்ட்வேர் கம்பெனியின் ஷேரில்தான் கிடந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம் மலையில் இருட்டிக்கொண்டு வந்தது. அருவித் தண்ணீரில் மண் நிறம் ஏறுவதை அப்பா பார்த்து, வெள்ளம் வருகிறதென்று விசில் அடித்தார். யாரும் நகரவில்லை. தலையில் எண்ணெய் இருக்கிறது, ஒரு நிமிஷம் அண்ணாச்சி என்றார்கள். மெலிந்த ஆள் ஒருவர் மட்டும் கண்ணில் சோப்பு நுரையோடு, கம்பியைத் தடவித் தடவி நேராக வெளியே வந்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. நாலு நாள் கழித்துப் பேப்பரில் அவர் படம் வந்திருந்தது. பெரிய சாப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்குத் தலைவர் அவர்.

மனை விற்ற அன்று அம்மா கேட்டாள். "ஒரு ஆளு குளிச்ச லட்சணத்தைப் பாத்துட்டா எங்கப்பா குடுத்த எடத்தைக் கொண்டு போடுதிய?"

"குளிச்சதைப் பாக்கலட்டி சங்கரு. வெளிய வந்ததைப் பாத்தேன்" என்றார் அப்பா.

இன்று காலை எட்டு மணிக்கு டிவியில் அந்தத் தலைவர் ராஜினாமா செய்துவிட்டதாகச் சொன்னார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டு நாளாக அப்பா சரியாகப் பேசவில்லை. அந்தச் செய்திக்குக் கண்ணைத் திறந்தார்.

"வெளிய வந்துட்டாரா?"

"ஆமாப்பா."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நாமளும் வந்துருவோம். வித்துருட்டி."

போன் அவள் கையில்தான் இருந்தது. மார்க்கெட் திறந்ததும் நான்கு எண்கள், பிறகு இரண்டு தட்டல் போதும். ஆனால் அவள் அண்ணனைத் தேடிப் போனாள். அவன் பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். சென்னையில் அவனும் இன்னொரு சாப்ட்வேர் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான்.

"கிறுக்காட்டி உனக்கு? பயந்து விக்கவன்தான் ஏமாளி. திங்கக்கிழமை புது ஆளு பேரைச் சொல்லுவான். ஒரே ஏத்தம்தான். பொறு" என்று நுரையைத் துப்பினான்.

அவள் அண்ணனை எதிர்த்துப் பேசியதில்லை. யாரையுமே எதிர்த்துப் பேசியதில்லை. பொறுத்தாள்.

பதினோரு மணிக்கு அப்பா மறுபடியும் கேட்டார். "வித்துட்டியா?"

"வித்துட்டேன்ப்பா."

கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த அவருடைய கை தளர்ந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பன்னிரண்டரைக்கு அந்தக் கம்பெனியின் நிதிப் பொறுப்பில் இருந்தவரும் விலகிவிட்டார் என்று செய்தி வந்தது. விலை மறுபடி சரிந்தது. விஜய்பாண்டி சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்துவிட்டான். அப்போதே விற்கச் சொல்லி வாயைத் திறந்தான். அதற்குள் அப்பாவின் மூச்சு மாறத் தொடங்கிவிட்டது.

வெளியே கேட் கிரீச்சிட்டது. ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தான் விஜய்பாண்டி. அப்பாவோடு அருவியில் வேலை பார்த்த சுடலைமணி நின்றான். காக்கிச் சட்டை சாரலில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கழுத்தில் விசில் தொங்கியது.

"தம்பி, அண்ணாச்சி முழிச்சிருக்காவளா?"

"இப்பதான் தூங்குதாரு மாமா."

"தூங்கட்டும், தூங்கட்டும். மேல கருத்துட்டு. தண்ணி அருவிக்கரை ஆர்ச்சைத் தாண்டி விழுது. குளிக்க வந்தவன் எல்லாரையும் வெளிய ஏத்தியாச்சு. ஒருத்தன் சொல்லுதான், காரு வாடகை குடுத்து வந்திருக்கேன், ஒரு முக்கு போட்டுட்டு வாரேன்னு. அண்ணாச்சின்னா அவன் செவிட்டைப் பேத்திருப்பாவ."

"எந்திரிச்ச பொறவு சொல்லுதேன்."

"சொல்லு. நான் இங்கன நிக்கேன்."

அவன் போகவில்லை. வீட்டின் பக்கவாட்டில் முருங்கை மரத்தடியில் ஒதுங்கி நின்றான். ஜன்னலைப் பார்க்காமல் மலையைப் பார்த்தான்.

விஜய்பாண்டி திரும்பி உட்கார்ந்தான். அப்பாவின் கையை எடுத்து மார்பின் மேல் வைத்தான். அது நழுவிக் கட்டிலின் பக்கவாட்டில் தொங்கியது. எடுத்து மறுபடி வைத்தான்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"ஏலே, கதவை எதுக்குச் சாத்தி வச்சிருக்க? கஞ்சி ஆறுது." அம்மாவின் குரல்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தூங்குதாரும்மா. பொறவு குடுக்கலாம்."

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"காலு போத்தியிருக்கா?"

"போத்தியிருக்கும்மா."

"சாரக்காத்து அடிக்கி. கால்ல குளிரு ஏறுச்சுன்னா அவியளுக்கு ஆகாது."

"போத்தியிருக்கு."

கிண்ணத்தில் கரண்டி ஒருமுறை மோதியது. அம்மா உடனே போகவில்லை. கதவின் அடி இடுக்கில் அவள் கால்களின் நிழல் அப்படியே இருந்தது. வேல்விழி அந்த நிழலையே பார்த்தாள். வெகுநேரம் கழித்து அது நகர்ந்தது.

"நீயே நம்பரைப் போடு" என்று விஜய்பாண்டி போனை அவள் மடியில் வைத்தான். "உனக்குத் தெரியும்லா? போன்ல ஷேர் ஆப்பை ஏத்திக் குடுத்தது நீதான. போட்டு வித்துரு. மூணரைக்குப் பொறவு உயிரு போனதாச் சொல்லிக்கிடலாம். டாக்டர் நம்ம தெருக்காரருதான், ஒண்ணும் கேக்க மாட்டாரு."

"இங்கன டவர் கிடைக்காதுண்ணே."

"அப்ப பின்பக்கம் போ. வெரசா. அம்மா எதும் கேட்டா வாயத் தொறக்காத. பேசாம இருக்கத்தான் உனக்கு நல்லாத் தெரியுமே."

அவள் தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தாள். உள்ளேயிருந்து அவன் மறுபடி தாழிட்டுக்கொண்டான்.

பின்பக்கத்து நடையில் நின்று நான்கு எண்களையும் போட்டாள். திறந்துகொண்டது. சிவப்பு எண்கள் ஓடின. மேலே, வணக்கம் செல்லப்பா என்று இருந்தது. காலையில் பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது. மீதி இருந்தது. விற்கும் பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழே, அரை அங்குலத்தில் இருந்தது.

அழுத்தினால், பதினோரு மணிக்குச் சொன்னது உண்மையாகிவிடும்.

விரலைக் கொண்டுபோனாள். அருவிச் சத்தம் வழக்கத்தைவிடக் கனமாகக் கேட்டது. அப்பா சொல்வார், "அருவியில போனவன் எவனும் விசில் கேக்காதவன் இல்லட்டி. கேட்டுட்டு, ஒரு நிமிஷம்னு சொன்னவன்தான்." எட்டு மணிக்கு விசில் கேட்டது. அப்போது வெளியே வர அவர் இருந்தார். இப்போது இவள் யாருக்காக அழுத்துகிறாள்? யோசித்தாள். அம்மாவுக்காக என்று தோன்றியது. அம்மாவைக் கேட்டுக்கொண்டா என்றும் தோன்றியது.

விரல் திரையைத் தொடாமலே நின்றது. சமையலறை வாசலுக்கு வந்தாள்.

அடுப்பு அணைந்திருந்தது. கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள் அம்மா. விளிம்பிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. மடியில் அப்பாவின் பழைய வேட்டி. பக்கத்தில் நீளமாக இரண்டு துண்டுகள். மூன்றாவதை அரிவாள்மணையில் கொடுத்து, நூல் நூலாக அறுத்துக்கொண்டிருந்தாள். கையால் கிழித்தால் சத்தம் கேட்கும்.

வேல்விழிக்கு அது எதற்கென்று தெரியும். தாடைக்கு ஒன்று. கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒன்று. கால் பெருவிரல்களுக்கு ஒன்று.

அம்மா நிமிரவில்லை.

"மூணரை ஆயிட்டாட்டி?"

போனில் மணி இரண்டு இருபது. சமையலறையில் கடிகாரம் கிடையாது.

வேல்விழி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கை அறுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"ஆயிட்டும்மா" என்றாள்.

"அப்ப அழலாம்லா."

"அழலாம்."

அம்மா மூன்று துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தாள். அரிவாள்மணையைச் சாய்த்து ஓரமாகத் தள்ளினாள். சுவரைப் பிடித்து எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடையைத் தாண்டிப் போனாள். வேல்விழி போனின் பக்கவாட்டுப் பொத்தானைத் திரை இருளும்வரை அழுத்திப் பிடித்தாள். கவிழ்த்த பானையின் மேல் அதை வைத்தாள்.

அம்மாவின் குரல் எழுந்தது. தாழ்ப்பாள் படபடவென்று நீங்கும் சத்தமும், "அம்மா, அம்மா" என்று அண்ணன் கெஞ்சுவதும் அதற்குள் அமுங்கிப்போயின.

பின்வாசல் வழியே முருங்கை மரத்தடி தெரிந்தது. சுடலைமணி திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினான். அதிலிருந்த தண்ணீரை உதறிவிட்டு, கயிற்றை மெதுவாகச் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.