இறக்கத்தில் போன தண்ணீர்

காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் மறுபடியும் இறங்கியிருந்தது. அந்த வாரத்தில் மூன்றாவது தடவை. வேனுக்கு அடியில் ராத்திரி விரித்துவைத்த அட்டை காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு இல்லை. பிறகு எங்கேதான் போய்த் தொலைகிறது? எரிச்சலில் டயரை உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஓடுகிற வேன் என்னுடையது ஒன்றுதான். என் மனைவி சரோனுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பிரஷர் இருக்கிறது, வலி கண்டவுடனே கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், சுணங்கினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு மலை ஏறி இறங்க வேண்டும். பாதி வழியில் இஞ்சின் சூடாகி நின்றால்?

டவுனில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் றம்ஸான் பாஸிடம் காட்டினேன். மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் பம்பை மாட்டி அடித்துப் பார்த்தார். பம்பில் ஏறிய முள் இறங்கவில்லை. இஞ்சின் ஒயிலும் கலங்கவில்லை.

"லீக் இல்ல ரொபர்ட். இஞ்சின் ஹெட்டக் கழட்டித்தான் பாக்கணும். மூணு நாளைக்கு வண்டிய விட்டுட்டுப் போங்க."

"அதுக்குள்ள வலி வந்திருச்சுன்னா, பாஸ்?"

வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டில் சரோன் வேறு பழைய பல்லவியை எடுத்தாள். "கிளினிக் போறப்பயெல்லாம் வேனுக்குள்ள இனிப்பா ஒரு வாசம் வருதுங்க. கொமட்டுது."

"ஒனக்குச் சோத்து வாசமே கொமட்டுது. அதுக்கு வேன் என்ன செய்யும்?" இரண்டு மாதமாக இதே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் வலி வந்துவிட்டது. ரேடியேட்டரை நிரப்பி, சரோனை முன்சீட்டில் ஏற்றினேன். என் மாமியார் தெரேசம்மா ஜெபமாலையோடு பின்னால் ஏறிக்கொண்டார். ஏற்றம் முழுக்க என் கண் பாதி பாதையில், பாதி சூடு காட்டும் முள்ளில். முள் நடுவிலேயே நின்றது.

உச்சியில் மாதா சொரூபத்தைத் தாண்டியதும் வழக்கம்போல் இஞ்சினை அணைத்தேன். டீசலுக்கு வரிசையில் காய்ந்த காலத்தில் எங்கள் பக்கத்து டிரைவர்மார் பழகிக்கொண்டது அது. ஏற்றம் முடிந்தால் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால், அடிவாரம்வரை வண்டி தன்னால் உருளும். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அதிலும் சரோன் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு இறக்கத்தையும் விட்டதில்லை. இந்த ஒரு பயணத்துக்கு டேங்கில் டீசல் குறையக் கூடாது என்றுதான் அவ்வளவும்.

சரோன் மூக்கைப் பொத்தினாள். "அந்த வாசம்... நீங்க இஞ்சின நிப்பாட்டுனாத்தான் வருதுங்க. எப்பவும் இந்த எடத்துலதான்."

முள்ளைப் பார்த்தேன். சிவப்பைத் தொட ஒரு நூல்தான் பாக்கி. சீட்டுக்கு அடியில், இஞ்சின் இருக்கும் இடத்தில், உஸ்ஸென்று சத்தம்.

இஞ்சின் நின்றால் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பும் நின்றுவிடும். ஏறிவந்த சூடெல்லாம் தேங்கி, தண்ணீர் கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு பாதையில் கொட்டியிருக்கிறது. அந்த இனிப்பு வாசம் கொதிக்கிற கூலன்ட்டுடையது. வீட்டில் விரித்த அட்டையில் எப்படி விழும்? மூடியைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் மூடியின் கோளாறு எப்படித் தெரியும்?

சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. "மாதாவே!" என்று பின்னால் மாமியார் அலறினார். இன்னொரு தடவை திருப்பினேன், பிடித்துக்கொண்டது. செகண்ட் கியரில் போட்டு, இஞ்சினை ஓடவிட்டே இறக்கினேன். சரோன் என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். மூன்றாவது வளைவில்தான் முள் கீழே வர மனம் வைத்தது.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். அட்டையைக் கேட்டேன், பாஸைக் கேட்டேன், இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளை மட்டும் கேட்கவில்லை.

றம்ஸான் பாஸ் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்ளே ரப்பர் வெடித்திருந்தது. புது மூடி போட்டுக்கொண்டு, நாலாம் நாள் இருவரையும் வீட்டுக்கு அழைத்துவந்தேன். உச்சியைத் தாண்டியதும் என் கை தன்னால் சாவிக்குப் போனது.

சரோன் மடியில் பிள்ளையோடு என் பக்கம் திரும்பி, சத்தமாக ஒருமுறை மோந்து பார்த்தாள்.

கையை எடுத்துவிட்டேன்.