பராமரிப்பாளர் கையொப்பம்

"அம்மாவின்ர பேணியைத் தாங்கோ அண்ணா."

சவப்பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று கௌசி கேட்டாள். அந்தத் தகரப் பேணியைப் பற்றி வெளியாட்கள் முன்னால் வாய் திறக்கக்கூடாது என்று பிரதாபன் ஆவணியிலிருந்து சொல்லிவந்தான். இப்போது கனடாவில், ஸ்காபரோ மரணச்சடங்கு மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சுண்ணம் இடிக்கிற சடங்கு முடிந்திருந்தது. ஐயர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

பிரதாபன் வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்தான். பக்கத்தில் நின்ற அமிர்தநாதர் அங்கிளைப் பார்த்து, தங்கச்சி தேத்தண்ணி குடிக்கிற பேணியைத் தேடுகிறாள் என்றான். அங்கிள் பாவம், கீழே பிளாஸ்க்கும் கடதாசிக் கப்பும் இருப்பதாகக் கைகாட்டினார்.

"தேத்தண்ணி இல்லை அங்கிள்," என்றாள் கௌசி.

பிரதாபன் அவளுடைய முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினான்.

"எனக்கு வாற மாசம் சிற்றிசன் இன்ரவியூ. எட்டு வருசம் ஓடினனான் இந்தப் பேப்பருக்கு. வாயை மூடிக்கொண்டு நில்."

"அதை நான் இண்டைக்குத் திருப்பிக் குடுக்கவேணும். கையெழுத்து வைச்சது நான்."

"அது அம்மாவோடயே போகட்டும்."

சொல்லிவிட்டு அவன் பெட்டியின் கால்மாட்டைப் பார்த்தான். ஒரு கணந்தான்.

கையெழுத்து வைத்தது ஆவணியில். அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். வலிக்குக் கொடுத்த குளிசைகள் வயிற்றில் நிற்கவில்லை, விழுங்கிய பத்தாம் நிமிடம் சத்தியாக வந்தன. ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் கதவைச் சாத்திவிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டு கௌசி டவுன்ரவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலிருந்த அறைக்குப் போனாள். நோயாளிகளுக்குக் கஞ்சா கொடுக்கிற இடம். பெயர்ப்பலகை கிடையாது. ஓய்வுபெற்ற தாதி ஜோசப்பின் அங்கே மேசையில் இருந்தாள். பக்கத்தில் கஸ்பர் என்று ஒருவர், உடம்பைவிடக் கோட்டுப் பாரமான மனிதர், யாராவது மிச்சம் கொண்டுவந்தால் தனக்குக் கிடைக்குமென்று காத்திருந்தார்.

ஜோசப்பின் ஒரு தாளை நீட்டினாள். சட்டப்படி ஒட்டாவா அரசாங்கம் நோயாளிக்கு அனுமதி தந்தாலும் தரலாம், வாங்கிக்கொண்டு போகிற உனக்கு இன்றைக்கு எந்தப் பெயரும் இல்லை, பிடித்தால் நீ கடத்தியவள், அவ்வளவுதான் என்றாள். சட்டம் எழுதாததால் நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். உன் கையாலேயே கொடுக்க வேண்டும். என்ன கொடுக்கிறாய் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும். பூட்டி வைக்க வேண்டும், திறப்பு வேறு கைக்குப் போகக்கூடாது. ஒவ்வொரு முறையும் நேரத்தையும் பலனையும் எழுத வேண்டும். ஆள் இறந்தால் ஐந்து நாளுக்குள் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

கௌசி இரண்டு தரம் வாசித்தாள். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. படிவம் என்றால் எல்லாரும் அவளைத்தான் தேடுவார்கள். பராமரிப்பாளர் என்ற இடத்தில் பெயரை எழுதினாள்.

வாங்கிய பையைத் தகரப் பேணியில் போட்டு மேசை லாச்சியில் பூட்டி வைத்தாள். கஞ்சாவை நெய்யில் காய்ச்சி எள்ளோடு பிசைந்து சின்னச் சின்ன உருண்டை பிடித்தாள். அம்மாவிடம் ஒளிக்கவில்லை. அம்மா சிரித்தாள். "கோயிலடியில சாமிமார் சும்மா இழுக்கிற சாமான். எனக்கெண்டு வர டொக்டரின்ர துண்டு தேவைப்படுது." ஓர் உருண்டை, அரை மணித்தியாலம் கழித்துக் குளிசை. குளிசை வயிற்றில் நின்றது. அம்மா கஞ்சி குடித்தாள், அண்ணியின் சமையலுக்கு நொட்டை சொன்னாள். கௌசி கொப்பியில் 'மருந்து கேட்டது' என்று எழுதினாள்.

கார்த்திகையில் பிக்கரிங்கில் வேலை கிடைத்தது. முதல் வாரம், லீவு கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். உருண்டை முடிந்திருந்தது. சந்திரவதனா அண்ணியிடம் லாச்சித் திறப்பைக் கொடுத்து, பேணியில் புதுப் பை இருக்கிறது, காய்ச்சிப் பிடித்து வையுங்கோ என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது குளிர்பெட்டியில் உருண்டைகள் வரிசையாக இருந்தன.

மூன்று நாள் தன் கையால் கொடுத்தாள். குளிசைகள் எல்லாம் திரும்பி வந்தன.

"இது கேக்கேல்லைப் பிள்ளை."

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இப்ப கேக்கும்."

நோய் முற்றிவிட்டது என்று நினைத்தாள். இன்னொன்று கொடுத்தாள். கடைசி இரவு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தலையணை உறையின் மூலையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். விடிய இறந்தாள். லாச்சியைத் திறந்தபோது பேணி இல்லை, அண்ணன்தான் எடுத்திருக்க வேண்டும். உறையைத் தோய்க்கும்போது பார்த்தால் நான்கு துளைகள்.

ஐயர் திரும்பி வந்து வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். கௌசி அரிசியை அள்ளி அம்மாவின் வாயில் மூன்று தரம் போட்டாள். உதட்டில் யாரோ சாயம் பூசியிருந்தார்கள். பிறகு கால்மாட்டுக்குப் போனாள். கால் தொட்டுக் கும்பிடுவது வழக்கம், ஒருவரும் தடுக்கவில்லை. பட்டுச் சேலையின் மடிப்புக்குள் விரல் போனது. குளிர்ந்த பாதத்துக்கு அப்பால் தகரம் தட்டுப்பட்டது.

எடுத்தாள்.

மஞ்சள் பேணி. மூடியைத் திறந்தாள். அண்ணி காய்ச்சிய மிச்சம் ஒன்றிரண்டு தூள் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். பை முழுசாக இருந்தது. ஜோசப்பின் ஒட்டிய வெள்ளை நாடா, அதில் அம்மாவின் இலக்கம். நாடா அறுக்கப்படவில்லை.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ, தாயின் சாமான் ஏதோ ஞாபகத்துக்கு எடுக்கிறாள் பிள்ளை என்று மூக்கை உறிஞ்சினார்கள்.

சந்திரவதனா கோட்டு மாட்டுகிற இடம்வரை பின்னால் வந்தாள். கௌசி பையைத் தூக்கிக் காட்டினாள்.

"அவர் பேணியை வாங்கி வைச்சிட்டார்," என்றாள் அண்ணி. "கீழ்வீட்டுக்காரன் மணக்குதெண்டு சொன்னவனாம், பொலிஸ் வந்தா இன்ரவியூ போயிடுமாம். சும்மா எள்ளில பிடி, கௌசிக்கு ஒண்டும் விளங்காது எண்டவர்." குரல் இன்னும் தாழ்ந்தது. "மாமிக்கு விளங்கினது கௌசி. இதுக்குள்ள ஒண்டும் இல்லையோ எண்டு என்னட்டக் கேட்டவா. உனக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவா. வீட்டுக்குள்ள சண்டை வருமாம்."

கௌசி கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று நாளும் அவள் கையெழுத்தில் 'கொடுத்தது, கேட்கவில்லை' என்றிருந்தது. சுவரில் வைத்து ஒவ்வொன்றாக வெட்டினாள். மேலே எழுதினாள்: கொடுக்கவில்லை. கீழே எழுதினாள்: திறப்பைக் கைமாற்றியது நான். தன் பெயரை முழுசாகப் போட்டாள்.

பிரதாபன் வந்தான். பேணியைக் கண்டதும் வாசலை மறித்து நின்றான்.

"எப்பிடியும் சாகத்தானே போறா கௌசி. ரெண்டு நாள் முந்தி, ரெண்டு நாள் பிந்தி."

"சாகிறதுக்கு இல்லை அண்ணா இந்த மருந்து."

"அங்க போய் என்ன சொல்லப் போறாய்?"

"நடந்ததை."

"என்ர பேரையும் சொல்லுவியோ?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாள் தாடி. கண் சிவந்திருந்தது. அவனும் அழுதிருக்கிறான். அது அவளுக்கு ஒரு பிரயோசனமுமில்லை.

"உதோட வெளியில இறங்கினா வீட்டுக்கு வராத."

"ஓம்."

உள்ளே பெட்டியை மூடப்போவதாகச் சொல்லி மூத்த மகனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உள்ளே போனான்.

"சுடலைக்கு வரேல்லையோ?" என்றாள் அண்ணி.

"அந்த இடம் நாலு மணிக்குப் பூட்டும். இண்டைக்கு அஞ்சாம் நாள்."

பேணியைக் கோட்டின் உட்பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினாள். கையுறையைப் போட்டாள். கதவைத் தள்ளினாள். எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பில் ஒரு பொலிஸ் கார் நின்றது. அதைத் தாண்டித்தான் போகவேண்டும். கையுறைக்குள் இரண்டு மூன்று அரிசி குத்தியது. அவள் கழற்றாமல் நடந்தாள்.