ஏற்றத்தில் மூன்று மூட்டை

மனைவியின் மூச்சுக்கு அன்று காலை சொல்லப்பட்ட விலை பதினெட்டாயிரம். அரிசிக் கடைக்காரர் பன்னிரண்டில் ஆரம்பித்தார்.

ஆற்றுப்பாலத்தில் விரிசல் விட்டதிலிருந்து கார், ஆட்டோ எதையும் விடுவதில்லை. நடப்பவர்களும் சைக்கிள்களும் மட்டும் போகலாம். ஆஸ்பத்திரியோ அக்கரையில், மேட்டின் உச்சியில். போன மாதம் மனைவிக்கு இழுப்பு வந்து, ஊரையே சுற்றிக்கொண்டு காரில் போய்ச் சேர்வதற்குள் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர் மீதியைச் சொல்லவில்லை. அவளைப் பின்னால் உட்காரவைத்து மேடேற மிதிக்கக் கடைக்காரரின் முழங்காலுக்குத் தெம்பில்லை. அதனால்தான் பழைய சைக்கிளுக்கு மோட்டார்.

சைக்கிள் மெக்கானிக் சட்டென்று பதினாறுக்கு இறங்கிவந்தார். கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கேட்டதும் குறைக்கிறவன் எதையோ தலையில் கட்டப் பார்க்கிறான். குறைக்காமல் இருந்திருந்தால் கொள்ளைக்காரன் என்றிருப்பார், அது வேறு.

"பேட்டரி புதுசா தம்பி?"

"புதுசுதான் முதலாளி."

"அப்போ ஸ்டிக்கர் ஏன் ஓரத்துல பிஞ்சிருக்கு?"

"நீங்கதான் இப்போ நகத்தால பிச்சீங்க."

கடைக்காரர் நகத்தைப் பார்த்தார். துணுக்குக் காகிதம் அங்கேதான் இருந்தது. இருந்தாலும் பேட்டரியை முகர்ந்தார், காதோரம் வைத்து ஆட்டினார்.

"எவ்வளவு பாரம் ஏறும்?" என்றார் மெக்கானிக்.

"என் சம்சாரம் எழுபத்தஞ்சு கிலோ."

"அதுக்கு இது போதும். கூடுதலாப் போனா ரெண்டாவது பேட்டரி போடணும்."

ரெண்டாவது வேறா, அதானே பார்த்தேன் என்று கடைக்காரர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கடையிலிருந்து இருபத்தைந்து கிலோ மூட்டை மூன்றை வரவழைத்துக் கேரியரில் கட்டினார். பாலத்தைத் தாண்டி மேட்டில் விட்டார். மோட்டார் முனகிக்கொண்டே உச்சியைத் தொட்டது. இவ்வளவு பேசியவன் சொன்னபடியே ஏறிவிட்டதே என்பதுதான் அப்புறம் அவரை உறுத்தியது.

வீட்டில் மனைவி அரிசி மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எதை வெச்சு ஏத்திப் பார்த்தீங்க?"

"நம்ம கடை மூட்டைதான். மூணு."

கோணி ஊசி பாதியில் நின்றது. "நம்ம கடை மூட்டையா? நான் முழு எழுபத்தஞ்சுங்க."

மூட்டைக்கு மூன்று கிலோ குறைத்துக் கட்டுவது கடைக்காரரின் கையேதான். மேலே இருபத்தைந்து என்று எழுதி எழுதி, கடைசியில் அவரே நம்பிவிட்டிருந்தார்.

மறுநாள் குறைந்த ஒன்பது கிலோவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார். கடைசி வளைவில் மோட்டார் பொசுக்கென்று அணைந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றவருக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பின்னால் இருந்தது வெறும் அரிசிதான் என்றாலும்.

இப்போது சந்தேகம் மெக்கானிக்குக்கு.

"நேத்து ஏறின பாரம் இன்னைக்கு ஏறலையா? கல்லை உள்ள போட்டீங்களா, கொடுத்த காசைத் திரும்ப வாங்க?"

"ரெண்டாவது பேட்டரியைக் கட்டுப்பா. காசு தரேன்."

"நேத்து எடை சரியா, இன்னைக்கு எடை சரியா? அதைச் சொல்லுங்க, கட்டுறேன். தப்புக் கணக்குக்குக் கட்டிக் குடுத்து, அக்கா நடு மேட்டுல திணறினா யார் பதில் சொல்றது?"

நாக்கு நுனியில் நாலு பொய் தயாராக நின்றன. நாலும் நல்ல பொய்கள். எதைச் சொன்னாலும் விலைபோயிருக்கும். பொய்யைச் சொன்னால் என்ன பாரத்துக்குக் கட்டுவான் என்பதுதான் தெரியவில்லை.

"இன்னைக்குதான் சரி. நேத்து மூட்டைக்கு மூணு கிலோ கம்மி."

மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைத்தார். "நான் மாசாமாசம் வாங்குறது?"

"அதே மூட்டைதான்."

"நாலு வருஷமா வாங்குறேன் முதலாளி."

"தெரியும்."

இரண்டாவது பேட்டரிக்கு ஏழாயிரம் என்றார் மெக்கானிக். கடைக்காரர் வாழ்நாளில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் எண்ணி வைத்தார். சாயங்காலம் மனைவியே பின்னால் உட்கார்ந்து வந்தாள். வளைவில் வேகம் குறையவில்லை. உச்சியில் இறங்கியவள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "இதுக்கா இத்தனை பாடு" என்றாள்.

மெக்கானிக் கடைச் சுவரில் சாக்பீஸ் கணக்கு: மாதம் மூன்று கிலோ, நான்கு வருடத்துக்கு நூற்று நாற்பத்துநான்கு. கடைக்காரர் தன் தராசிலேயே நிறுத்துத் திருப்பிக் கொடுத்ததில் வரவு வைத்தது நூறு. பாக்கி நாற்பத்துநான்கு கிலோ. தெருவில் மற்ற வீடுகளின் பாக்கியை இதுவரை யாரும் கேட்கவில்லை.