கைக்குத் தெரிந்த பாஸ்வேர்டு

எங்கள் கம்பெனி தாராவியில் தோல் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. தலைமை அலுவலகம் வாஷியில். இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் நான்தான் காவல். யார் உள்ளே வரலாம், யாருடைய பாஸ்வேர்டு எப்போது காலாவதியாகும் என்பதை வாஷியில் இருக்கும் விண்டோஸ் டைரக்டரி தீர்மானிக்கும். எல்லா மெஷினும் அதன் பேச்சைக் கேட்கும், டிசைன் ரூமில் இருக்கும் ஆப்பிள் மேக்குகளைத் தவிர. அவற்றையும் டைரக்டரியில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பெரிய இடத்து மாப்பிள்ளை மாதிரி, கேட்டும் கேட்காததுபோல் இருந்துகொள்ளும். மாட்டுங்காவில் என் வீட்டில் என் பேச்சுக்கும் அதே மதிப்புத்தான் என்பதால் நான் பெரிதாக வருத்தப்பட்டதில்லை.

அன்றைக்கு வருத்தப்பட்டேன்.

டிசைனர் இஜாஸ் பாய்க்குப் பக்கவாதம் வந்து, மழைக்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்து, அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். இடது கால் இழுத்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. வரைகிற வலது கை மட்டும் தப்பியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஹாஃபிஸா, ஃபிளாஸ்க்கோடு. எதிரே வாஷியிலிருந்து வந்திருந்த ஹெச்.ஆர். ரஞ்சனா. இஜாஸ் பாய் தன் மெஷினைத் தானே திறந்து ஒரு பை வரைந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் உடம்பைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

லீவில் அவருடைய பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டதால், டைரக்டரியில் சுலபமான புதிது ஒன்றை வைத்து, பெரிய எழுத்தில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் இரண்டு வடா பாவ்கூடச் சாப்பிட்டிருந்தேன். அவர் பார்த்துப் பார்த்து அடித்தார். திரையில் பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் தலையாட்டி மறுப்பதுபோல் இடவலமாக ஆடியது.

அப்போதுதான் உறைத்தது. மேக்கின் முதல் கதவு அதன் டிஸ்க்குக்குப் போட்ட பூட்டு. அதைத் திறந்த பிறகுதான் மெஷின் நெட்வொர்க்கையே பார்க்கும். வாஷியில் நான் மாற்றிய சேதி அதற்கு எட்டவே இல்லை. அதற்குத் தெரிந்தது பழைய பாஸ்வேர்டு ஒன்றுதான். விண்டோஸிலேயே ஊறியவன் செய்கிற முட்டாள்தனம். அவசரத்துக்கு உதவும் மீட்புக் குறியீட்டையும், மேக்குக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்காமல் விட்டிருந்தேன்.

"பழசு என்ன பாய்?"

அவர் யோசித்தார். "தெரியல... சாய் பாய். இருந்துச்சு. இப்ப... இல்ல."

"சாய்நாத், லன்ச்சுக்குள்ள முடிச்சுடுங்கோ," என்றார் ரஞ்சனா. குரலில் கடுமை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நினைவிலிருந்து இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். கட்டம் ஆடியது. தப்பு ஏற ஏற மெஷின் நம்மை அதிகநேரம் காக்கவைக்கும். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஹாஃபிஸா என் பக்கம் குனிந்தார். "அண்ணே, ராத்திரி வேலைக்கு இந்த மெஷின வீட்டுக்குக் கொண்டாருவாவ. அவுக இதைப் பாத்து அடிச்சதே இல்ல. இடது கையில டீய வச்சுக்கிட்டு, என்னைய ஏசிக்கிட்டே ஒத்தக் கையாலதான் அடிப்பாவ."

"என்னன்னு ஏசுவார்?"

"என்னமாவது. டீ சரியில்லம்பாவ."

ஹாஃபிஸா ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி, கணவரின் இடது பக்கத்தில் வைத்தார். "குடிங்க. டாக்டர் சொல்லிட்டாவ, இனி சீனி கிடையாது. காலத்துக்கும் இதான்."

இஜாஸ் பாய் ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது. "ஏ புள்ள... இது டீயா? தோலு... ஊறவச்ச தண்ணியா?"

"தோலு தண்ணிதான். கூலிக்கு ஏத்த டீ."

"உங்க அண்ணன் வீட்டுல... குடிச்சிருக்கேன். அதே... கைதான் ஒனக்கும்." திரும்பி மனைவியை முறைத்தபடியே இருந்தார். கை கீபோர்டில் ஏறி ஒரு ஓட்டம் ஓடி நின்றது.

திரை திறந்தது.

ரஞ்சனா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இஜாஸ் பாய் தன் கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பொருள்போல், பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெஷினோடு இணைந்த பேனாவை எடுத்து வரையத் தொடங்கினார். மெதுவாகத்தான். ஆனால் பையின் வளைவு கோணாமல் வளைவாகவே வந்தது.

எனக்கு வேலை அப்போதுதான் ஆரம்பித்தது. டைரக்டரியில் ஒன்றும் மெஷினில் ஒன்றுமாக இருந்தால் மெஷின் தினமும் நச்சரிக்கும். மெஷினைத்தான் டைரக்டரிக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அதுதான் முறை. ஆனால் புதிதாக ஒன்றை இஜாஸ் பாயின் தலைக்குள் எப்படி ஏற்றுவது? அதனால் அவர் கீபோர்டிலிருந்தே வாஷி டைரக்டரியைத் திறந்து, அவர் கணக்குக்குப் புதிய பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கொண்டு நிறுத்தினேன். பழையதையே அங்கே அடிக்க வேண்டும், அதுவும் இரண்டு முறை. ஹாஃபிஸா இன்னொரு டீ ஊற்றினார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். அண்ணனைத் தாண்டி மச்சினி வரைக்கும் வசவு போயிற்று.

பிறகு, காலாவதியே ஆகக்கூடாது என்கிற கட்டத்தில் டிக் அடித்தேன். எங்கள் கம்பெனியில் அது கூடாது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். பொறுப்பு யார் என்று குறிக்கும் இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

ரஞ்சனா அதைப் பார்த்தார். "அவரே திறந்தார்னு எழுதிக்கறேன்," என்றார். "என்ன பேசிண்டே திறந்தார்னு எழுத இதுல இடமில்லை." பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் ஹாஃபிஸா வரவில்லை. இஜாஸ் பாய் மட்டும் மெஷின் முன்னால் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கீழே போய்ச் சர்க்கரை போடாத டீ ஒன்று வாங்கிவந்து அவருக்கு இடது பக்கம் வைத்தேன்.

குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாய் பாய்... ஒனக்கு... ஒரு டீ வாங்கத் தெரியுமா?"

"தெரியாது பாய்," என்றேன். "இன்னும் சொல்லுங்கோ."